ஏழாவது வரி

அண்ணி பெட்டியின் மூடியை நகத்தால் பெயர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு ஸ்க்ரூ. எட்டும் தலைவரை இறங்கியிருந்தன. வலது கை நடுவிரல் நகம் பாதியாகப் பிளந்து, மூடியின் ஓரத்தில் ரத்தம் கோடாக இழுபட்டிருந்தது. இரண்டு பெண்கள் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தியை முழங்கையால் இடித்தாள். அந்தப் பெண் சுவரில் மோதி, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"திருப்புளி எங்க? மெஷின்காரன் வீட்டுல ஒரு திருப்புளி கிடையாதா?"

இருந்தது. ஒன்றல்ல, பதினொன்று. அண்ணனின் கருவிப்பை மொத்தத்தையும் விடியற்காலையிலேயே சின்னவன் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அண்ணி தேடுவாள் என்று அவனுக்குத் தெரியும். பதினாறு வருடம் அவள் கையால் சாப்பிட்டவனுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

"வேண்டாம் அண்ணி. திறக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க."

"என் புருஷன் முகத்தை நான் பாக்கறதுக்கு எவன் எழுதிக் குடுக்கணும்?"

முகம் என்று ஒன்று இருந்தால்தானே பார்ப்பதற்கு. அதை அவன் சொல்லவில்லை. குனிந்து அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள், பல் பதியக் கடித்தாள். அவன் விடவில்லை. கடைசியில் அவளே களைத்துப்போய், நெற்றியை மூடியின் மேல் வைத்துப் படுத்துவிட்டாள். முப்பத்தேழு வயது, காதோரம் நரை, ஆனாலும் வீட்டிலும் ஆலையிலும் அவன் சின்னவன்தான். கடிபட்ட இடத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வாடகை நாற்காலிகளில் ஆலை ஆட்கள் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தெரு குறுகல். வண்டி தெருமுனையில் நின்றது. அதுவரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். நாலு தோள் யார் யார் என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று: முன்னால் சின்னவனும், அண்ணியின் தம்பி வெல்டரும். பின்னால் கிரேன்காரரும், எதிர்வீட்டு முடிவெட்டுகிறவரும். பன்னிரண்டு மணிக்குத் தூக்க வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வீடு, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சின்னவன்தான் காத்திருந்தான். காலை ஏழு மணிக்குப் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. 'ரெக்கார்டு பார்த்துவிட்டேன். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். உங்கள் அண்ணியிடம் பேச வேண்டும்.' அனுப்பியவர் பட்டன், ஆலையின் சேஃப்டி ஆபீசர். அதை இதுவரை முப்பது தடவையாவது படித்திருப்பான். நேற்று ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் படித்திருந்தால் இன்றைக்கு இதை முப்பது தடவை படிக்க வேண்டி வந்திருக்காது.

பழைய காகிதத்தை அரைத்துப் புதுக் காகிதம் செய்கிற ஆலை அது. அரைக்கிற இடத்துக்குத் தொட்டி என்று பெயர். மிக்ஸி ஜாரை ஒரு அறை அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு ஆள் ஆழம், அடியில் கத்தி. காகிதக் கட்டுகளோடு வருகிற கம்பியும் பிளாஸ்டிக்கும் கத்தியில் சுற்றிக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் யாராவது ஏணி வைத்து இறங்கி அதை அறுத்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த 'யாராவது' அண்ணனும் தம்பியும்தான். முறை வைத்து ஒருவர் இறங்குவார், ஒருவர் மேலே நிற்பார்.

இறங்குவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. மேலே நிற்பவன், எந்தெந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்று வரிவரியாக இருக்கிற பெர்மிட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்க வேண்டும். இறங்கப்போகிறவன் அந்தந்த சுவிட்சுக்குப் போய், அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பூட்டியாச்சு" என்று கத்த வேண்டும். எல்லா வரியும் முடிந்த பிறகு படித்தவன் கையெழுத்துப் போடுவான். அப்புறம்தான் ஏணி. இறங்குகிறவன் உயிர் படிக்கிறவன் வாயில் இருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் சொல்வார். சொல்லிவிட்டு, "அதனால படிக்கிறவன்கிட்டக் கடன் வாங்கிடாதீங்கடா" என்று சிரிப்பார்.

வெகுகாலம் அந்தப் பெர்மிட்டில் ஆறு வரிதான். நாலு மாதத்துக்கு முன் பக்கத்து ஷெட்டிலிருந்து கட்டுகளைக் கொண்டுவந்து நேராகத் தொட்டிக்குள் தள்ளுகிற குறுக்கு பெல்ட் போட்டார்கள். அதோடு ஏழாவது வரி வந்தது. காகிதத்தில் அது கடைசியில், சிவப்பு மையில், யாரோ கையால் எழுதியதாக இருந்தது. இரண்டு மாதம் அதைப் படித்தார்கள், ஏழாவது பூட்டும் போட்டார்கள், ஒரு குறையும் இல்லை. பிறகு காகிதம் போய் டேப்லெட் வந்தது, ஆலையில் சுருக்கமாக டேப்.

கொண்டுவந்தவர் சேஃப்டி ஆபீசர். குட்டையான மனிதர், தொப்பை, நாற்பத்தைந்து வயது. எதைக் கேட்டாலும் "ஒரு பட்டன்தாங்க, அமுக்கினா முடிஞ்சுது" என்பார். மூன்றே நாளில் அவருக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது. காகிதம் செய்கிற ஆலைக்குள் காகிதத்தை ஒழிக்க வந்தவனா என்று கேண்டீனில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டாத ஆள் இல்லை. காகிதத்தைக் கையில் பிடித்தாலே அது எங்கே முடிகிறது என்று தெரிகிறது, இந்தக் கண்ணாடிச் சனியன் எங்கே முடிகிறது என்று எவனுக்குத் தெரியும் என்று கிரேன்காரர் கத்தினார். ஆச்சரியம் என்னவென்றால் அண்ணன் ஒருவர்தான் பட்டன் பக்கம் பேசினார். "பேப்பர் நனையுது, கிழியுது, பேனா எழுத மாட்டேங்குது. இது எவ்வளவோ தேவலை" என்றார்.

காரணம் சின்னவனுக்கு மட்டும் தெரியும். அண்ணனுக்கு இரண்டு வருடமாகக் கிட்டத்து எழுத்து தெரியவில்லை. கண்ணாடி போட்டால் டாக்டர் எழுதிவிடுவார், தொட்டியிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். வருடாவருடம் நடக்கிற சோதனையில் அட்டையில் இருக்கிற எழுத்துகளைச் சின்னவன் முன்னாடியே பார்த்துவந்து சொல்லிக்கொடுக்க, அண்ணன் மனப்பாடமாக ஒப்பித்துத் தேறினார். அப்படிப்பட்டவர் கையில் டேப் கிடைத்தது. இரண்டு விரலை வைத்து விரித்தால் எழுத்து கட்டைவிரல் அளவுக்கு வளர்கிறது. அண்ணனுக்குப் போன கண் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தன் முறைக்கு எழுத்தைப் பெரிதாக்கி, மேலே தள்ளித் தள்ளி ஏழையும் படிப்பார், அப்படியே விட்டுவிட்டுப் போவார். சின்னவன் தன் முறைக்குச் சின்னதாக்கிவிட்டுப் படிப்பான்.

நேற்று சின்னதாக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மணி ஒன்று. எழுத்து பெரிதாகவே இருந்தது. திரை முழுக்க ஆறு வரி. ஆறாவது வரிக்குக் கீழே பச்சையாக ஒரு பட்டன்: 'அனைத்தும் படித்தேன்'. ஆறு வரியைப் படித்தான். ஆறு தடவை "பூட்டியாச்சு" வந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கத்துக்கு ஆறு என்பதுதான் கணக்கு, ஏதோ விட்டுப்போனது போல உள்ளுக்குள் ஒன்றும் உறுத்தவில்லை. ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அண்ணன், "படிச்சது போதும்டா, அமுக்கு. பசிக்குது" என்றார். அமுக்கினான்.

பதினாலு நிமிடம் கழித்து, பக்கத்து ஷெட்டில் இருந்தவன் பூட்டு இல்லாத பெல்ட்டைத் தன் வேலை நேரப்படி ஓட்டினான். முதல் கட்டு விழுந்தது. எழுநூறு கிலோ, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்கள். இரண்டாவது கட்டு முதல் கட்டின் மேல் விழுந்தது. அந்தச் சத்தத்தில் தண்ணீர்க் குழாய் அதிர்ந்தது. மூன்றாவது விழுவதற்குள் சின்னவன் பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றை இழுத்துவிட்டான். ஏணியில் இறங்கவில்லை, குதித்தான். கட்டுகளுக்கு வெளியே அண்ணனின் இடது கை மட்டும் இருந்தது. விரல்கள் இரண்டு தடவை மூடித் திறந்தன. கம்பியை அறுத்து, கட்டைப் பிரித்து, தாள்களை அள்ளி அள்ளி வீசினான். நனைந்த தாளில் எது வாத்தியார் போட்ட சிவப்பு, எது இது என்று தெரியவில்லை. அண்ணனின் தலை இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தபோது அது கொழகொழவென்று உள்ளே போனது. சட்டைப்பையில் ஆறு சாவியும் வளைந்து கிடந்தன.

பிறகு மேலே ஏறி வந்தான். ஆட்கள் ஓடிவருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. டேப் தரையில் கிடந்தது. விரலால் மேலே தள்ளினான். பச்சைப் பட்டனுக்குப் பின்னாலிருந்து அது நிதானமாக வெளியே வந்தது, கட்டைவிரல் அளவு எழுத்தில்: 7. குறுக்கு பெல்ட். அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். இரண்டு விரலை வைத்து எழுத்தைச் சின்னதாக்கினான். கண்ணாடியில் ஒட்டிய ரத்தத்தைச் சட்டை முனையால் துடைத்தான். ஓடிவந்தவர்களிடம், "ஏழாவது வரி வரவே இல்லை. டேப்புல காட்டவே இல்லை" என்று கத்தினான். ஆஸ்பத்திரியில் வெல்டரிடமும் அதையே சொன்னான். சாயங்காலம் அண்ணியிடமும் அதையே சொன்னான். ஒரு பொய்யை மூன்று பேரிடம் சொன்ன பிறகு அது அவனைவிடப் பெரிய ஆளாகிவிட்டது.

"வர்றான் பாரு," என்றான் வெல்டர்.

பட்டன் தெருமுனையில் திரும்பினார். கம்பெனி வண்டியில் வரவில்லை, நடந்து வந்தார். கூட யாரும் இல்லை. கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் நகர்ந்தன. யாரும் எழுந்து வழிவிடவில்லை. அவரும் யாரையும் பார்க்காமல், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, சின்னவனை நோக்கி வந்தார்.

"உங்க அண்ணியைப் பாக்கணுங்க."

"எதுக்கு?"

"ரெக்கார்டுல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்ல. இதைக் கொஞ்சம்..."

காகிதத்தைப் பிரித்தார். பிரித்து முடிக்க விடாமல் சின்னவன் அடித்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு அதையெல்லாம் தாண்டிப் போயிருந்தது. கை முஷ்டியாகி, அவர் வாயைக் குறி வைத்துப் போனது. வாய்தானே பேசும். பல் ஒன்று உடைந்ததை அவன் விரல் மூட்டில் உணர்ந்தான். பட்டன் பின்னால் சாய்ந்து நாற்காலியோடு விழுந்தார். அவர் எழுவதற்குள் இன்னொரு அடி, மூக்கில். ரத்தம் அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"அண்ணனைக் கொன்னுட்டு வீட்டுக்கே வர்றியா?" என்று கத்தினான். கத்தியது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

அவ்வளவுதான். நெருப்பு வைக்க ஒருவன் போதும். வெல்டர் பட்டனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைச் சுவரில் தேய்த்தான். கிரேன்காரர், கோழியைக்கூட விரட்டத் தெரியாத மனிதர், காலைத் தூக்கி அவர் தொப்பையில் உதைத்தார். யாரோ நாற்காலிக் காலை உடைத்து முதுகில் விட்டார்கள். நாலு வருடமாக மேலதிகாரியிடம் வாங்கிய திட்டு, ஓவர்டைம், உடம்பு வலி, அண்ணன் மேல் வைத்திருந்த பிரியம், எல்லாம் சேர்ந்து அந்தக் குட்டை மனிதர் மேல் இறங்கின. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே வந்து பார்த்திருக்கலாம். பட்டன் ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். காகிதம் சாக்கடை மூடியின் மேல் மிதிபட்டுக் கிடந்தது. சின்னவன் அதை எடுத்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"விடுங்க."

அண்ணி வாசற்படியில் நின்றிருந்தாள். குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் அடி நின்றது.

"பேசத்தானே வந்திருக்காரு. பேசட்டும். அடிக்கிறதை அப்புறமும் அடிச்சுக்கலாம்."

பட்டனைத் தூக்கி நிறுத்தினார்கள். நிற்க முடியவில்லை, படியில் கை ஊன்றி உட்கார்ந்தார். வாயைத் துடைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். அதில் பாதிப் பல் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்னவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். தெருவே தன்னைப் பார்ப்பதாக அவனுக்குப் பட்டது. உண்மையில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

"அம்மா, எழுத்தைப் பெருசா வெச்சா கடைசி வரி பட்டனுக்குப் பின்னாடி போயிடும். பட்டன் எப்பவும் அடியிலயே நிக்கிற மாதிரி வெச்சது நான். மேல தள்ளிப் பார்த்தாத்தான் மிச்ச வரி தெரியும். பாக்காமயே அமுக்கலாம், அமுக்க விட்டுடும்." மூச்சு வாங்கினார். "இது எனக்கு மூணு வாரமாத் தெரியும். சரி பண்ணணும்னு எழுதி வெச்சிருந்தேன், கொண்டுவந்த காகிதம் அதுதான். பண்ணலை. வேற வேலை இருந்துச்சு, தள்ளிப் போட்டேன். கம்பெனியில இதை வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க. அதான் நடந்து வந்தேன். தப்பு என்னோடதும்மா."

சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை நிமிர்ந்து சின்னவனைப் பார்த்தார். ரெக்கார்டில் எல்லாம் இருந்திருக்கும். எத்தனை மணிக்கு அமுக்கப்பட்டது, எந்த அளவு எழுத்தில் அமுக்கப்பட்டது, கட்டு விழுந்து சில நிமிடத்தில் எழுத்து எப்படித் திடீரென்று சின்னதாயிற்று, எல்லாம். பட்டன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவனுக்கு மூச்சு திரும்பி வந்தது. இவர் தன்னைக் காட்டிக்கொடுக்க வரவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார். அந்த வாயைத்தான் உடைத்திருக்கிறான். இனி அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும், காலம் முழுக்கத் தப்பித்தான்.

வெல்டர் சும்மா நிற்கவில்லை. "மூணு வாரமாத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டபடி வாசலோரம் போனான். பந்தல் தட்டிக்கு ஊன்றியிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கினான். இரண்டு விரல் கனம், ஆள் உயரம். "மூணு வாரமாத் தெரிஞ்சுமாடா எங்க மாமாவை இறக்கி விட்டே?"

யாரும் தடுக்கவில்லை. கிரேன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டன் கம்பியைப் பார்த்தார். ஓடலாமா என்று யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். வெல்டர் கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். அது இறங்கினால் மண்டை தேங்காய் மாதிரி பிளக்கும். நேற்று ஒரு மண்டைக்குள் கை வைத்துப் பார்த்தவன் சின்னவன்.

"வரி இருந்துச்சு!"

கம்பி மேலேயே நின்றது.

"என்ன மச்சான்?"

"ஏழாவது வரி இருந்துச்சு. நான்தான் பாக்கலை." அவன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். "மேல தள்ளிப் பாத்திருந்தா வந்திருக்கும். தள்ளலை. ஆறோட அமுக்கிட்டேன். அப்புறம் தள்ளிப் பாத்தேன், வந்துச்சு. ரத்தத்தைத் துடைச்சுட்டு எழுத்தைச் சின்னதாக்கி வெச்சுட்டேன். வரவே இல்லைன்னு சொன்னது பொய். இவரு சொல்லிடுவாருன்னுதான் அடிச்சேன்."

எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. வெல்டர் கம்பியைப் பிடித்த பிடியிலேயே திரும்பினான். அழுதுகொண்டே வீசினான். சின்னவன் கை தூக்கித் தடுக்கவில்லை. கம்பி இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கு உள்ளிருந்து கேட்டது. முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்தான். வெல்டர் மறுபடி ஓங்கியபோது, பல் போன பட்டன்தான் படியிலிருந்து தவழ்ந்து வந்து அவன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போதும்," என்றாள் அண்ணி.

இறங்கி வந்தாள். சின்னவனுக்கு எதிரில் தரையிலேயே குந்தி உட்கார்ந்தாள். கிழிந்த நகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எழுத்தைப் பெருசாக்கினது யாரு?"

இதற்கு மட்டும் உண்மை சொல்ல முடியாது. இத்தனை பேர் நடுவில், அண்ணன் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும்போது, கண் தெரியாமல் வேலை பார்த்தார், சோதனையில் ஏமாற்றினார், அமுக்கு அமுக்கு என்று அவசரப்படுத்தியவரும் அவரே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பாரம் பாதியாகக் குறையும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான்தான் அண்ணி."

"உனக்கு எதுக்குப் பெரிய எழுத்து?"

"கண்ணு சரியாத் தெரியலை. கொஞ்ச நாளா."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மருந்துச் சீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை இரண்டு வருடமாகப் புருஷனுக்குப் படித்துச் சொன்னவள் அவள்.

"போன வாரம் எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தியே, விளக்கைக்கூடப் போடாம. அப்ப தெரிஞ்சுதா?"

அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். வெல்டர் என்ன என்ன என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றாள். முட்டியில் கை ஊன்றி எழுந்தாள்.

"மணி பன்னிரண்டு ஆச்சு. தூக்கலாம்."

பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். கிரேன்காரரும் முடிவெட்டுகிறவரும் பின்னால் நின்றார்கள். முன்னால் வெல்டர் ஒரு பக்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். சின்னவன் எழுந்தான். முறிந்த தோள் தொங்கியது. மறு தோள் இருந்தது, அதைக் கொடுத்தால் போதும். தன் மூலைக்கு வந்து குனிந்து, பெட்டியின் அடியில் வலது கையை வைத்தான். அண்ணி வந்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள், கோபமாக எடுக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள்.

"நீ பின்னாடி வா."

குனிந்து தன் தோளை அங்கே கொடுத்தாள்.

"அக்கா, நீ எதுக்கு? வேற ஆள் வரட்டும். கனமா இருக்கு."

"என் ஆளோட கனம் எனக்குத் தெரியாதா? தூக்குடா."

தூக்கினார்கள். அவள் மற்ற மூன்று பேரையும்விட ஒரு சாண் குள்ளம். பெட்டி அவள் பக்கம் சரிந்தது. உள்ளே துணியில் சுற்றி வைத்திருந்தது நகர்ந்து, அவள் மூலையில் வந்து தட்டியது. கேட்ட எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவள் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, முதல் அடி வைத்தாள்.

பட்டன் சுவரைப் பிடித்தபடி கூட்டத்தின் கடைசியில் வந்தார். சின்னவன் பின்னால் போகவில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே, ஒரு எட்டு தள்ளி, நல்ல கையைச் சரிந்த மூலைக்கு நேர் கீழே ஏந்தியபடி நடந்தான். கைக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. தெருமுனையில் வண்டி நின்ற இடம் வரை அவன் அதைத் தொடவில்லை, கையை எடுக்கவும் இல்லை.